ஸ்டார்ட்அப்பில இன்டர்ன்ஷிப்: போனா உண்மையாப் பழகலாமா?

அடுத்த கேள்வி. கோணேசபுரி கம்பஸில கம்ப்யூட்டர் சயன்ஸ் படிக்கிற ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறா: "பெரிய கம்பனிகளிட்ட இருந்து பதில் வரல்ல. கொழும்பில பத்துப் பேர் மட்டும் இருக்கிற ஒரு ஸ்டார்ட்அப் ஆறு மாசத்துக்கு வரச் சொல்லுது, வீட்டில இருந்தும் செய்யலாமாம். போனா பழகலாமா, இல்லாட்டி சும்மா வேலை வாங்கிப்போட்டு விட்டுருவாங்களா?"

தங்கச்சி, இது ஒரு விசயத்திலதான் தங்கியிருக்கு. நீங்க எழுதுற புரோகிராம் கோடை வாசிக்க அங்க ஆள் இருக்கா? இன்டர்வியூவிலயே கேளுங்க, "என்ர கோடை யார் ரிவியூ பண்ணுவாங்க, எவ்வளவு நேரத்தில பார்ப்பாங்க?" எண்டு. ஒரு ஆளிட பேரைச் சொல்லி, ஒரு நாளுக்குள்ள பார்ப்பார் எண்டா தைரியமாப் போங்க. "எல்லாரும் சேர்ந்து பார்ப்பம்" எண்டு சொன்னா, பெரும்பாலும் ஒருத்தரும் பார்க்கமாட்டாங்க. பெரிய கம்பனியில பயிற்சிக்கெண்டே ஆட்கள் இருப்பாங்க. ஸ்டார்ட்அப்பில சேர்ந்த ரெண்டாம் நாளே டிக்கெட் (செய்யவேண்டிய வேலை) கையில வரும், பழக்கிறதுக்கெண்டு ஆள் இருக்காது. அந்த ரிவியூதான் உங்களுக்குக் கிடைக்கிற ஒரே வகுப்பு.

முதல் கிழமை ப்ரொஜெக்டை உங்கட லப்டொப்பில ஓட வைக்கிறதிலயே போகும். ரீட்மீ ஃபைலில (ப்ரொஜெக்டை எப்பிடி ஓட வைக்கிறது எண்டு எழுதியிருக்கிற ஃபைல்) இருக்கிறபடி செய்தாலும் ஓடாது, ஏனெண்டா ஏற்கெனவே இருக்கிறவங்க மாசக்கணக்குக்கு முதல் செட்டப் பண்ணினவங்க, பிறகு மாறினது அதில ஏறியிருக்காது. நோட் (Node.js) வெர்ஷன் பொருந்தாது, டேட்டாபேஸ் மைக்ரேஷன் (டேட்டாபேஸ் அமைப்பை மாத்துற ஸ்கிரிப்ட்) ஓடியிருக்காது, ஏதாவது என்வயர்ன்மென்ட் வேரியபிள் (கோடுக்கு வெளிய வைக்கிற செட்டிங்) விடுபட்டிருக்கும். தடக்குப்பட்ட இடத்தையெல்லாம் எழுதி வச்சு, ரீட்மீயைத் திருத்தி அனுப்புங்க. அதுவே நல்ல முதல் புல் ரிக்வெஸ்ட் (உங்கட மாற்றத்தைப் பார்த்துச் சேர்க்கச் சொல்லி அனுப்புறது).

மாட்டிக்கொண்டா அரை மணித்தியாலம் தனியாப் பாருங்க, அதுக்குமேல கேளுங்க. கேக்கிற விதம் முக்கியம். "அண்ணா, லொகின் வேலை செய்யுதில்ல" எண்டு போட்டா, அவர் திருப்பிக் கேக்க நாலு கேள்வி இருக்கு, அதிலயே பின்னேரம் ஆகிரும். இப்பிடிப் போடுங்க: "போஸ்ட்மேனில அதே டோக்கன் வேலை செய்யுது, பிரௌசரில மட்டும் 401 வருது. நெட்வேர்க் டெப்பில பார்த்தன், ஆதரைசேஷன் ஹெடரே போகல்ல." (போஸ்ட்மேன் எண்டது சேர்வருக்கு நேரடியா ரிக்வெஸ்ட் அனுப்பிப் பார்க்கிற டூல், 401 எண்டா நீங்க யாரெண்டு சேர்வருக்குத் தெரியல்ல.) இதுக்கு ரெண்டு நிமிசத்தில பதில் வரும். எரர் மெசேஜை ஸ்கிரீன்ஷொட்டா இல்லாம எழுத்தாவே ஒட்டுங்க, அவங்க அப்பிடியே எடுத்துத் தேடலாம். இன்பொக்ஸில கேக்காம டீம் சனலில கேட்டா, ஒருத்தர் மீட்டிங்கில இருந்தாலும் இன்னொருத்தர் பார்ப்பார்.

புல் ரிக்வெஸ்டைச் சின்னதா வச்சிருங்க, ஒண்டுக்கு ஒரு வேலை, 200 வரிக்குள்ள. 800 வரி அனுப்பினா வாசிக்காமலே அப்ரூவ் பண்ணிருவாங்க. பிழையும் லைவுக்கு (ஆட்கள் பாவிக்கிற சிஸ்டத்துக்கு) போகும், நீங்களும் ஒண்டும் பழகமாட்டீங்க.

இனிச் சொல்லுறதைக் கவனமாக் கேளுங்க. ஏபிஐ கீ (வெளிச் சேவைகளைப் பாவிக்கிற ரகசியச் சாவி), டேட்டாபேஸ் பாஸ்வேர்ட் எல்லாம் டொட் ஈஎன்வி (.env) எண்ட செட்டிங்ஸ் ஃபைலில இருக்கும். அது கிட்ஹப்புக்கு (கோடைச் சேமிச்சுப் பகிர்ற தளம்) போகக் கூடாது. கிட்இக்னோர் (.gitignore) ஃபைலில பேரைப் போட்டாச்சு எண்டு நம்பியிருப்பீங்க, ஆனா அந்த ஃபைலை ஏற்கெனவே கிட் (மாற்றங்களைப் பதிஞ்சு வைக்கிற டூல்) ட்ராக் பண்ணுது எண்டா இக்னோர் வேலை செய்யாது, git rm --cached கொமாண்ட் கொடுத்து எடுக்கவேணும். தவறிப் புஷ் ஆகிட்டா, அடுத்த கொமிட்டில (கிட்டில மாற்றத்தைப் பதியிறது) அழிச்சு ஒரு பிரயோசனமும் இல்ல, ஹிஸ்டரியில அப்பிடியே இருக்கும். யாரும் பார்க்கக்கூடிய பப்ளிக் ரெப்போவில (கோட் சேமிச்சிருக்கிற இடம்) கீ தேடித் திரியிற பொட்கள் (தானா ஓடுற புரோகிராம்கள்) இருக்கு. அதால முதல் அந்தக் கீயை ரத்துச் செய்து புதுசு எடுக்கவேணும், ஹிஸ்டரியைத் துப்புரவாக்கிறது பிறகு. கீயை மாத்துற அதிகாரம் உங்களிட்ட இருக்காது, ஆனபடியா அந்த நிமிசமே சீனியருக்குச் சொல்லுங்க. ஏச்சு விழும் எண்டு பயந்து மறைக்கிற ஒவ்வொரு மணித்தியாலமும் கம்பனிட பில்லில ஏறலாம்.

லைவ் டேட்டாபேஸுக்கு வாசிக்கிற அனுமதி மட்டும் கேளுங்க. மாத்தியே ஆகவேணும் எண்டா, அப்டேட்டுக்கு முதல் அதே வெயார் (WHERE) நிபந்தனையோட செலக்ட் (SELECT) ஓடவிட்டு எத்தனை ரோ வருது எண்டு பாருங்க. பிறகு ட்ரான்ஸாக்ஷனைத் தொடங்கி மாத்துங்க. மாறின ரோ எண்ணிக்கை சரியா இருந்தா கொமிட் (மாற்றத்தை நிலையாக்கிறது), இல்லாட்டி ரோல்பேக் (பழையபடி திருப்பிறது).

வீட்டில இருந்து செய்யிறது பற்றி: முதல் மாசமாவது கொழும்பில போடிங் எடுத்து ஒஃபிஸுக்குப் போகப் பாருங்க. வீட்டில இருந்து செய்தா, நீங்க மாட்டிக்கொண்டு முழிக்கிறது ஒஃபிஸில ஒருத்தருக்கும் தெரியாது. போடிங் காசு, சாப்பாடு, திருகோணமலைக்கு வந்துபோற பஸ் காசு, மூண்டையும் கூட்டி, தாற அலவன்ஸோட வச்சுப் பாருங்க. துண்டு விழுந்தா வேலை தொடங்க முதலே கதையுங்க. பிறகு வீட்டுக்கு வந்து செய்யிறதெண்டா ரூட்டருக்கு ஒரு சின்ன யூபிஎஸ் வாங்குங்க, கரண்ட் போனாலும் மீட்டிங் அறாது. பின்னேரம் எழுந்து போக முதல், முடியாத வேலையா இருந்தாலும் உங்கட பிராஞ்சை (நீங்க வேலை செய்யிற கோட் கிளையை) கிட்ஹப்புக்குப் புஷ் பண்ணிருங்க.

அலவன்ஸுக்குப் பதிலா "கம்பனியில பங்கு தாறம்" எண்டு சொன்னா ஒத்துக்கொள்ளாதீங்க. வழக்கமா பங்கு நாலு வருசத்தில கொஞ்சம் கொஞ்சமாத்தான் உங்கட பேருக்கு வரும், முதல் ஒரு வருசம் முடியாம ஒண்டும் வராது. ஆறு மாசத்தில வெளிய வாற உங்களுக்கு அதில சதமும் மிஞ்சாது. கடிதத்தில தொடங்கிற திகதி, முடியிற திகதி, அலவன்ஸ் எவ்வளவு, எந்தத் திகதியில வரும், சூப்பவைசர் யார், செய்த வேலையில எதை வெளிய காட்டலாம், இவ்வளவும் இருக்கவேணும். கம்பனிக் கோடை உங்கட கிட்ஹப்பில போடக் கூடாது, ஸ்கிரீன்ஷொட் போடலாமா எண்டதையும் எழுத்தில கேளுங்க.

கம்பஸ் தாற பயிற்சிப் பதிவேட்டைக் கிழமைக்குக் கிழமை கையெழுத்து வாங்கி வச்சிருங்க. ஸ்டார்ட்அப்பில ஆட்கள் இடையில விட்டுட்டுப் போறது வழக்கம், ஆறாம் மாசம் முழுப் புத்தகத்தையும் கொண்டு போய் நீட்டினா, உங்கட வேலையைப் பார்த்த ஆள் அங்க இருக்கமாட்டார்.