வியாழக்கிழமை வெண்ணெய்

நேயர்களுக்கு வணக்கம்.

முப்பத்தொரு வருஷம் வக்கீல் குமாஸ்தாவாக இருந்தவன் நான். புத்தகங்களைப் பற்றிப் பேச என்னைக் கூப்பிட்டது கொஞ்சம் அதிகப்படிதான். ஆனால் துப்பறியும் நாவல் என்று சொன்னதும் மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

நான் வேலை பார்த்த ஆபீசில், சீனியருடைய பீரோவில் தீர்ப்புத் தொகுப்புகளுக்குப் பின்னால் இன்னொரு வரிசை ஒளிந்திருக்கும். எல்லாம் பச்சை அட்டை போட்ட பெங்குவின் புத்தகங்கள். பெங்குவின்காரர்கள் 1935-இல் கடை விரித்தபோதே நிறம் பிரித்துவிட்டார்கள்: ஆரஞ்சு அட்டை என்றால் நாவல், பச்சை என்றால் குற்றக் கதை. கோடை விடுமுறைக்குக் கோர்ட்டை மூடினால் அந்தப் பச்சை வரிசை எனக்கு. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, யார் கொன்றது என்று தெரிந்துகொள்வதற்காகவே படிப்பேன். தெரிந்துவிட்டால் புத்தகத்தை இருந்த இடத்தில் செருகிவிடுவேன். வருஷங்கள் போகப் போக அந்தப் பழக்கமும் விட்டுப்போயிற்று.

ஓய்வு பெற்ற பிறகு ஒருநாள் மகள் ஒரு புத்தகம் அனுப்பினாள். அட்டையில் பழைய ரயில்வே விளம்பரத் தட்டிபோல ஒரு வண்ண ஓவியம். வெளியிட்டது பிரிட்டனின் தேசிய நூலகமான பிரிட்டிஷ் லைப்ரரி. பழைய துப்பறியும் கதைகளைத் தேடி எடுத்து 2012 முதல் ஒரு வரிசையாகவே அவர்கள் போட்டுவருகிறார்கள் என்று அப்போதுதான் தெரிந்தது. அந்த வரிசையில் 2014-இல் வந்த ஒரு புத்தகம் எல்லாரையும் திகைக்க வைத்தது. ஜெபர்சன் ஃபார்ஜன் என்பவர் 1937-இல் எழுதிய 'மிஸ்டரி இன் வொயிட்'. கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் ரயில் பனியில் சிக்கிக்கொள்கிறது. இறங்கி நடந்த பயணிகள் ஒரு வீட்டைக் கண்டு உள்ளே போகிறார்கள். கணப்பு எரிகிறது, தேநீருக்கு மேஜை தயாராக இருக்கிறது, ஆனால் வீட்டில் ஒருவரும் இல்லை. எழுதியவர் 1955-லேயே இறந்துவிட்டார், பெயரும் மறந்துபோயிற்று. 2014 கிறிஸ்துமஸுக்கு இங்கிலாந்துப் புத்தகக் கடைகளில் புதுப் புத்தகங்களுக்கு நடுவே இது மளமளவென்று விற்றது.

இவையெல்லாம் எங்கே போயிருந்தன என்று கேட்கலாம். அந்தக் காலத்தில் கெட்டி அட்டைத் துப்பறியும் நாவலைக் காசு கொடுத்து வாங்கியவர்கள் குறைவு. வாடகைக்கு எடுத்துத்தான் படித்தார்கள். பூட்ஸ் என்கிற மருந்துக்கடைக்காரர்களே ஊர் ஊராக வாடகை நூலகம் நடத்தினார்கள்; இருமல் மருந்தோடு ஒரு கொலைக் கதையையும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். அந்த நூலகமும் 1966-இல் மூடப்பட்டது. கைமாறிக் கைமாறி நைந்த பிரதிகள் குப்பைக்குப் போயின. அங்கே அச்சாகும் ஒவ்வொரு புத்தகத்திலும் ஒரு பிரதியைத் தேசிய நூலகத்துக்குக் கொடுத்தாக வேண்டும் என்று ஒரு சட்டம் இருக்கிறது. அதனால் கடையில் இல்லாதது, வீட்டில் இல்லாதது, அந்த நூலகத்தில் தூசி படிந்து கிடந்தது. ஆவணக் காப்பறையின் அருமை குமாஸ்தாவுக்குத் தெரியும்.

சரி, இந்தத் தடவை படித்தபோது என்ன ஆயிற்று என்றால், கொலைகாரன் யார் என்பதில் எனக்கு அவ்வளவாக அக்கறை இல்லை. வேறு ஏதோ கையைப் பிடித்து இழுத்தது. எங்கள் சீனியர் ஜூனியர்களுக்கு ஒன்று சொல்வார்: "சாட்சி கூண்டில் நின்று அழுத்திச் சொல்வதை விடு. போகிற போக்கில் சொல்வதைக் குறித்துக்கொள்." முக்கியமில்லை என்று நினைத்துச் சொல்லும்போது மனிதன் பொய் கலப்பதில்லை. 1940-லிருந்து 1955 வரை வந்த இங்கிலாந்துத் துப்பறியும் கதைகளை இப்போது அப்படித்தான் படிக்கிறேன்.

அகதா கிறிஸ்டி 1950-இல் எழுதிய 'எ மர்டர் இஸ் அனவுன்ஸ்டு' நாவலை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கிராமத்துப் பத்திரிகையின் வரிவிளம்பரப் பகுதியில் அறிவிப்பு வருகிறது: இன்ன வீட்டில், வெள்ளிக்கிழமை மாலை ஆறரைக்கு ஒரு கொலை நடக்கும், நண்பர்கள் வரவும். ஏதோ விளையாட்டு என்று நினைத்து அக்கம்பக்கத்தார் ஒவ்வொருவராக வந்து சேர்கிறார்கள். வந்தவர்கள் பேசிக்கொள்ளும் சில்லறைப் பேச்சில், "ஓ, உங்கள் வீட்டில் வெப்பமூட்டியைப் போட்டாயிற்றா?" என்று ஒரு பேச்சு அடிபடுகிறது. படிக்கிற நாம் அதைக் குசலம் விசாரிப்பதாக எண்ணித் தாண்டிவிடுவோம். அப்போது எரிபொருள் தட்டுப்பாடு. நாளை எண்ணி, குளிரைத் தாங்க முடியாமல் போனால்தான் பற்றவைப்பார்கள். அக்டோபர் மாதத்திலேயே ஒரு வீட்டில் பற்றவைத்திருக்கிறார்கள் என்றால் அது பக்கத்து வீட்டுக்காரியின் கண்ணை உறுத்தும். கிறிஸ்டி அந்த உறுத்தலுக்குள் துப்பை வைத்துத் தைத்துவிட்டார். எதற்காகப் பற்றவைத்தார்கள் என்று நான் சொல்லப் போவதில்லை.

அதே நாவலில் இன்ஸ்பெக்டருக்கு ஒரு சிக்கல். பகலில் அந்த வீட்டுக்குள் யார் வேண்டுமானாலும் நுழைய முடிந்திருக்கிறது. ஏன் கதவைப் பூட்டுவதில்லை? ஒருவரும் நேராகப் பதில் சொல்ல மாட்டேன் என்கிறார்கள். கடைசியில் பாதிரியார் மனைவிதான் உடைக்கிறார்: வியாழக்கிழமை பக்கத்துப் பண்ணை ஒன்றில் வெண்ணெய் கடைவார்கள். கொஞ்சம் வேண்டியவர்களுக்குப் போகும். அதற்குப் பதிலாக இன்னொரு வீட்டிலிருந்து காய்கறி, வேறொரு வீட்டிலிருந்து வேறு ஏதாவது. ஆள் இல்லாவிட்டாலும் உள்ளே வைத்துவிட்டுப் போக வசதியாகக் கதவு திறந்தே கிடக்கும். ரேஷன் பொருளை இப்படிக் கைமாற்றுவது சட்டப்படி குற்றம். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஆளுக்கு வாரத்துக்கு இரண்டு அவுன்ஸ் வெண்ணெய், நம் கணக்கில் 57 கிராம், என்று இறங்கிவிட்ட தேசம் அது. போர் முடிந்ததும் நிலைமை சீராகிவிடவில்லை. போரின்போது தொடாத ரொட்டிக்கே 1946-இல் ரேஷன் போட்டார்கள். இறைச்சிக் கட்டுப்பாடு நீங்கியது 1954 ஜூலையில். ஊரே சேர்ந்து செய்கிற ஒரு சின்னத் திருட்டு, ஒரு கொலைக்கு வாசலைத் திறந்து வைக்கிறது. சரித்திரப் புத்தகத்தில் ரேஷன் அளவு கிடைக்கும். வியாழக்கிழமை வெண்ணெய் கிடைக்குமா?

இன்னும் ஒன்று. அந்தக் கதையின் மையத்தில் இருக்கும் அச்சம், கொலை பற்றியதுகூட அல்ல. முன்பெல்லாம் ஊருக்கு யாராவது குடிவந்தால் தெரிந்தவரின் கடிதத்தோடு வருவார்கள், இன்னார் வீட்டுப் பிள்ளை என்று தெரியும். இப்போது வருகிறவர்கள் தங்களைப் பற்றி என்ன சொல்கிறார்களோ அதுதான் நமக்குத் தெரியும் என்கிறார், கிறிஸ்டி கதைகளில் துப்பறியும் கிழவி மிஸ் மார்ப்பிள். இன்ஸ்பெக்டர் அதைக் கேட்டு யோசிக்கிறார்: எல்லாரிடமும் ஒரு ரேஷன் புத்தகம், ஓர் அடையாள அட்டை. அட்டையில் எண் இருக்கிறது, போட்டோ இல்லை, கைரேகையும் இல்லை. 1939-இல் போருக்காகக் கொண்டுவந்த அந்த அட்டை 1952 பிப்ரவரி வரை நடைமுறையில் இருந்தது. குண்டு விழுந்து பதிவேடுகள் எரிந்து, குடும்பங்கள் சிதறி, ஒருவர் இன்னொருவராக மாறிவிட வழி பிறந்த காலம். ஆள்மாறாட்டம் என்பது பழைய கதைகளில் ஒட்டுத்தாடி சமாச்சாரம். 1950-இல் அதற்கு ஒரு ரேஷன் புத்தகம் போதும். பத்திரப் பதிவில் ஆள்மாறாட்ட வழக்குகள் பார்த்தவன் என்பதால் இந்த இடம் எனக்கு உறைத்தது.

இந்த நாவலில் எனக்குப் பிடிக்காத இடமும் உண்டு. மிட்ஸி என்று ஒரு சமையற்காரி. ஐரோப்பாவிலிருந்து தப்பி வந்த அகதி. தன் குடும்பத்துக்கு நேர்ந்ததைச் சொல்லி அலறுகிறாள். வீட்டில் இருப்பவர்கள் அவளைப் பொய்க்காரி என்று முத்திரை குத்தி வைத்திருக்கிறார்கள். எழுத்தாளரும் அவளைச் சிரிப்புக்குத்தான் பெரும்பாலும் பயன்படுத்துகிறார். போர் முடிந்து ஐந்தே வருஷம். அங்கே ஹிட்லர் ஆட்சியில் நடந்தது உலகத்துக்கே தெரிந்துபோன பிறகு. வாசகர்கள் சிரிப்பார்கள் என்றும் கிறிஸ்டி நம்பியிருக்கிறார். அதுவும் ஒரு வாக்குமூலம்தான், அவர் அறியாமல் கொடுத்தது.

லோரக் என்கிற பெயரில் எழுதியவரை நான் சீனியருடைய பீரோவில் பார்த்ததில்லை. எடித் கரோலின் ரிவெட் என்ற பெண்மணி அவர். கரோல் என்ற தன் பெயரின் ஆங்கில எழுத்துகளைப் பின்னாலிருந்து படித்தால் லோரக். 1958-இல் இறந்தார். கைப்பிரதியாகவே கிடந்த அவருடைய நாவல் ஒன்று 2021-இல்தான் முதல்முறையாக அச்சேறியது. அவருடைய 'மர்டர் பை மேட்ச்லைட்' 1945-இல் வந்தது. லண்டன், ரீஜன்ட்ஸ் பார்க் பூங்கா, விமானக் குண்டுவீச்சுக்குப் பயந்து ஊரே விளக்கணைத்த போர்க்கால இரவு. தெருவிளக்கு கிடையாது, எந்த ஜன்னலிலும் வெளிச்சம் கசியக் கூடாது. பூங்கா பெஞ்சில் ஓர் இளைஞன் தனியாக உட்கார்ந்திருக்கிறான். எதிரே சிறு பாலத்தின்மேல் ஒருவன் சிகரெட்டுக்குத் தீக்குச்சி கிழிக்கிறான். அந்த ஒரு விநாடி வெளிச்சத்தில் அவன் முகம் தெரிகிறது. அவனுக்குப் பின்னால் இன்னொரு முகமும் தெரிகிறது. குச்சி அணைகிறது. ஏதோ விழும் சத்தம்.

முழு நாவலும் அந்த ஒரு தீக்குச்சியில் நிற்கிறது. அவ்வளவு தூரத்தில், ஒரு குச்சி வெளிச்சத்தில் முகம் அடையாளம் தெரியுமா? நம் கோர்ட்டிலும் அமாவாசை இருட்டு, டார்ச் வெளிச்சம் என்று சாட்சியைத் துளைப்பதை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். சாதாரண லண்டனில் இந்தக் கதையே கிடையாது, விளக்குக் கம்பம் எல்லாவற்றையும் கெடுத்துவிடும். இருட்டு எவ்வளவு இருட்டு, நடக்கிறவன் எதைத் தொட்டு நடப்பான், காலடிச் சத்தம் கேட்குமா கேட்காதா என்று லோரக் அளந்து சொல்லியாக வேண்டும். ஒன்று பிசகினாலும் வாசகன் பிடித்துக்கொள்வான். கவிஞருக்கு இருட்டு என்று சொன்னால் போதும். துப்பறியும் கதை எழுதுகிறவர் இருட்டுக்குக் கணக்குக் காட்ட வேண்டும். அதனால்தான் இந்தக் காலத்தைப் பற்றிய என் மற்ற வாசிப்பில் கிடைக்காத நுணுக்கம் இவர்களிடம் கிடைக்கிறது என்று நினைக்கிறேன்.

கிறிஸ்டியானா பிராண்ட் எழுதிய 'கிரீன் ஃபார் டேஞ்சர்' நாவலும் அப்படித்தான். மலாயாவில் பிறந்து சிறுவயதில் இந்தியாவிலும் இருந்தவர், அறுவை மருத்துவரின் மனைவி. கதை நடப்பது கென்ட்டில் ஒரு ராணுவ ஆஸ்பத்திரியில். தபால்காரர் ஒருவர் ஏழு கடிதங்களோடு சைக்கிளை மிதித்து வருகிறார். எழுதிய ஏழு பேரில் ஒருவர் பின்னால் அவரையே கொல்லப்போகிறார். மயக்க மருந்து கொடுக்கும் முறையை பிராண்ட் அவ்வளவு விவரமாக எழுதியிருக்கிறார், ஆபரேஷன் தியேட்டருக்குள் நிற்பதுபோல இருக்கும். ஆபரேஷனுக்கு நாள் குறித்திருப்பவர்கள் கொஞ்சம் தள்ளிப்போட்டுப் படியுங்கள். நாவலைச் சொல்கிறேன், ஆபரேஷனை அல்ல.

எனக்கு மிகவும் பிடித்தது எது என்று கேட்டால் வெட்கமில்லாமல் என் தொழிலோடு ஒட்டிய ஒன்றைத்தான் சொல்வேன். மைக்கேல் கில்பர்ட், 1950, 'ஸ்மால்போன் டிசீஸ்ட்'. கில்பர்ட் லண்டனில் லிங்கன்ஸ் இன் பகுதியில் வேலை பார்த்த வக்கீல். காலையில் ஆபீசுக்குப் போகும் ரயிலில் உட்கார்ந்தே நாவல்களை எழுதினார். இந்தக் கதையும் லிங்கன்ஸ் இன்னில் ஒரு வக்கீல் ஆபீஸில்தான் நடக்கிறது. காலமான பெரிய வக்கீல் ஹார்னிமன், காகிதங்களை அடுக்குவதற்கென்றே ஒரு முறையை உண்டாக்கி, எல்லாரையும் அதற்குப் பழக்கி வைத்திருந்தார். எந்தப் பத்திரம் எந்தப் பெட்டி, எந்தக் கடிதம் எந்தப் பதிவேடு, எல்லாவற்றுக்கும் ஒழுங்கு. கட்சிக்காரர்களின் பத்திரங்கள் தகரப் பெட்டிகளில் பெயர் எழுதி அடுக்கியிருக்கும். ஒருநாள் ஓர் அறக்கட்டளையின் பெட்டியைத் திறக்கிறார்கள். பத்திரங்களைக் காணோம். அந்த அறக்கட்டளையின் தர்மகர்த்தாக்களில் ஒருவரான ஸ்மால்போன் உள்ளே மடங்கிக் கிடக்கிறார்.

படித்ததும் நான் எழுந்து கொஞ்ச நேரம் நடந்தேன். பயத்தினால் இல்லை. எங்கள் ஆபீசில் கேஸ் கட்டு ஒன்று காணாமல் போய், மூன்று வாய்தா தள்ளிப்போட்டுத் தேடி, கடைசியில் வேறொரு கட்சிக்காரரின் கட்டுக்குள்ளிருந்து எடுத்தோம். தப்பு என் கையால் நேர்ந்தது. ஒழுங்கு அதிகமாக இருக்கிற இடத்தில்தான் ஒளித்து வைப்பது சுலபம் என்று அன்றைக்கே தெரியும். அதை ஒருவர் கொலைக் கதையாக்கியிருக்கிறார் என்று தெரிய எனக்கு அறுபது வயது ஆக வேண்டியிருந்தது.

வானொலியில் பேசுவதால் ஒன்று சொல்லாமல் போக முடியாது. 1947 மே மாதம், இங்கிலாந்தின் மேரி ராணிக்கு எண்பது வயது நிறைந்ததை ஒட்டி, உங்களுக்குப் பிடித்தமாக என்ன ஒலிபரப்பலாம் என்று பிபிசி கேட்டது. ராணி கேட்டது அகதா கிறிஸ்டியின் கதை. கிறிஸ்டி அரை மணி நேர வானொலி நாடகம் ஒன்றை எழுதிக் கொடுத்தார், மே 30 அன்று ஒலிபரப்பானது. அதைத்தான் பிறகு மேடைக்காக நீட்டி 'தி மவுஸ்டிராப்' ஆக்கினார். 1952 நவம்பர் 25-இல் லண்டனில் தொடங்கியது, கோவிட் காலத்தில் நிறுத்தியதைத் தவிர இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. மேடை நாடகத்தின் தொடக்கத்திலும் ஒரு வானொலிப் பெட்டி பேசுகிறது. லண்டனில் கொலை நடந்த இடத்தருகே காணப்பட்ட ஆள் கறுப்புக் கோட்டு, வெளிர் நிறக் கழுத்துத்துணி, மென்மையான தொப்பி அணிந்திருந்தார் என்று அறிவிக்கிறது. பனி கொட்டும் அந்த விடுதிக்குள் ஒவ்வொருவராக வந்து சேர்கிறார்கள். பார்த்தால், கறுப்புக் கோட்டு, வெளிர் கழுத்துத்துணி, தொப்பி.

நாடகம் முடிந்ததும் கொலைகாரர் யார் என்று வெளியே சொல்லிவிடாதீர்கள் என்று பார்வையாளர்களைக் கேட்டுக்கொள்வது அங்கே வழக்கம். மகள் போன வாரம் போனில், "அப்பா, அந்த வக்கீல் ஆபீஸ் கதை பாதியில் நிற்கிறது, பெட்டியில் போட்டது யார் என்று மட்டும் சொல்லிவிடுங்களேன்" என்றாள். குமாஸ்தா கட்சிக்காரர் ரகசியத்தை வெளியே சொல்லலாமா என்று கேட்டு வைத்துவிட்டேன்.

வணக்கம்.