எவ்வளவு, எப்போது என்று தமிழில் எழுதிக் கொடுங்கள்

விழாத் தலைவர், இப்பள்ளியின் தலைமையாசிரியர் அம்மையார் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பேரூராட்சி மன்றத் தலைவர் அவர்களே, பெற்றோர் ஆசிரியர் கழகப் பொறுப்பாளர்களே, புறநோயாளிகளைப் பார்த்து முடித்த கையோடு ஓடி வந்திருக்கும் வட்டார மருத்துவ அலுவலர் அவர்களே, கிராம சுகாதாரச் செவிலியர்களே, இந்தப் பந்தலையும் ஒலிபெருக்கியையும் தம் செலவில் தந்த வணிகர் சங்கத்து அன்பர்களே, பெற்றோர்களே, பாட்டிமார்களே, என் மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம்.

தலைமையாசிரியர் அம்மையாருக்குத் தனியாக ஒரு நன்றி. ஆண்டு விழாவில் பிள்ளைகளின் நடனத்துக்கும் பரிசளிப்புக்கும் நடுவே மருந்தைப் பற்றிப் பேச எவரும் எளிதில் இடம் கொடுக்க மாட்டார்கள். அவர் கொடுத்தார். பேரூராட்சித் தலைவர் வேறொரு நிகழ்ச்சியைத் தள்ளி வைத்துவிட்டு இங்கே இருக்கிறார் என்று அறிந்தேன். அவர் இருப்பது நல்லதாகப் போயிற்று. அவரிடம் ஒரு கோரிக்கை இருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

நான் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்தாளுநராக இருந்து ஓய்வு பெற்றவன். இன்று மூன்று செய்திகள் சொல்ல வந்திருக்கிறேன். இனிப்பு மருந்து ஒன்று, சத்து மாத்திரை ஒன்று, பாக்டீரியாக் கிருமிகளைக் கொல்லும் ஆன்டிபயாட்டிக் மருந்து ஒன்று. மூன்றுக்கும் அடியில் இருப்பது ஒரே பழமொழிதான்: அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு. எங்கே, பிள்ளைகள் எல்லோரும் ஒருமுறை உரக்கச் சொல்லுங்கள். நன்று.

பிள்ளைகளே, காய்ச்சல் சிரப் ஏன் இனிக்கிறது? கசந்தால் நீங்கள் துப்பிவிடுவீர்கள், அதனால்தான். உள்ளே இருக்கும் மருந்து கசப்பானது. இனிப்பு மேலே பூசிய வேடம். அம்மா வைக்கும் குழம்பில் உப்பு இல்லாவிட்டால் சாப்பிட முடியாது. ஒரு பிடி உப்பைக் கொட்டிவிட்டாலும் சாப்பிட முடியாது. மருந்தும் அப்படித்தான். குழம்பு கெட்டால் கீழே ஊற்றிவிடலாம், வயிற்றுக்குள் போன மருந்தை அப்படிச் செய்ய முடியாது. பெற்றோர்களே, இந்த அளவுக்குச் சொன்னால் ஐந்து வயதுப் பிள்ளைக்கும் விளங்கும். "மிட்டாய், வாயைத் திற" என்று மட்டும் சொல்லாதீர்கள். மிட்டாய் என்று நீங்கள் சொன்னதை நம்பித்தான், யாரும் இல்லாத நேரத்தில் பிள்ளை நாற்காலி போட்டு ஏறி அலமாரியைத் திறக்கிறது.

ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். மூன்று வயதுக் குழந்தை, எடை பன்னிரண்டு கிலோ இருக்கும். காய்ச்சல். தாய் மில் வேலைக்குப் போகிறவர். விடிகாலையில் மருந்தை ஊற்றிக் கொடுத்துவிட்டு ஷிப்டுக்குப் போய்விட்டார். பாட்டி எழுந்து தொட்டுப் பார்த்தார், உடம்பு கொதித்தது. மருமகள் கொடுத்தது அவருக்குத் தெரியாது. அவரும் கொடுத்தார். மதியம் சித்தி வந்தார். "சளியும் இருக்கிறதே" என்று தன் வீட்டிலிருந்த சளி மருந்தைக் கொண்டுவந்து கொடுத்தார். காய்ச்சல் மருந்தில் இருக்கும் அதே பாரசிட்டமால் அந்தச் சளி மருந்திலும் கலந்திருந்தது. மாலையில் தந்தை வந்தார். அன்புள்ள தந்தை சும்மா இருப்பாரா? அவரும் ஊற்றினார். அளப்பதற்கு மூடியில் கோடு போட்ட குட்டிக் கப் இருந்தது. அதைக் குழந்தை விளையாடித் தொலைத்துவிட்டது. ஆளுக்கொரு சமையலறைக் கரண்டி. இது போதாதென்று, முன்பு வாங்கியது 5 மில்லியில் 125 மில்லிகிராம் உள்ள பாட்டில். இந்த முறை கடையில் தந்தது 250 உள்ளது. பாட்டில் நிறம் அதே, படம் அதே. மறுநாளும் இப்படியே நடந்தது.

பாரசிட்டமாலின் கணக்கு இது: ஒரு கிலோ எடைக்கு ஒரு வேளைக்கு 10 முதல் 15 மில்லிகிராம். குறைந்தது நான்கு மணி நேர இடைவெளி. ஒரு நாளில் நான்கு தடவைக்கு மேல் கூடாது. அந்தக் குழந்தைக்கு ஒரு வேளைக்கு 180 தான் உச்சம். ஒரு கரண்டியிலேயே அதைத் தாண்டிவிட்டார்கள். மூன்றாம் நாள் வாந்தி. 108-இல் மாவட்ட மருத்துவமனைக்கு அனுப்பினோம். பாரசிட்டமால் மிஞ்சினால் கல்லீரலைத் தாக்கும். முதல் நாள் குழந்தை நன்றாகவே இருப்பதுபோல் தெரியும், அதுதான் பயங்கரம். இதற்கு மாற்று மருந்து உண்டு. ஆனால் எட்டு மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் முழுப் பலன். அந்தக் குழந்தை பிழைத்துக்கொண்டது. அந்த வீட்டில் யாரும் கெட்டவர்கள் இல்லை. நான்கு பேரும் பாசத்தால் கொடுத்தார்கள். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு.

பாட்டி என்னைக் கேட்டார்: "அந்தப் பாட்டிலில் என்ன எழுதியிருந்தது என்று எனக்கு எப்படித் தெரியும், ஐயா?" என்னிடம் பதில் இல்லை. எழுதியிருந்ததெல்லாம் ஆங்கிலத்தில், எறும்பளவு எழுத்தில்.

இரண்டாவது, சத்து மாத்திரை. வளரிளம் பிள்ளைகளுக்குப் பள்ளியில் வாரம் ஒன்று தரும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. வாரம் ஒன்று, அவ்வளவுதான். சத்துதானே என்று தோழியின் மாத்திரையையும் வாங்கி விழுங்கக் கூடாது. கர்ப்பிணித் தாய்மாருக்குத் தரும் மாத்திரைகளைக் கைக்குழந்தைக்கு எட்டும் இடத்தில் வைக்கவே வைக்காதீர்கள். சின்னக் குழந்தை அதில் ஒரு கைப்பிடி விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. அப்படி நேர்ந்துவிட்டால் உப்புத் தண்ணீர், புளித்தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். மிச்சமிருக்கும் அட்டையையோ பாட்டிலையோ கையில் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள். அமெரிக்காவில் 1970-லேயே குழந்தை திறக்க முடியாத மூடி வேண்டும் என்று சட்டம் போட்டுவிட்டார்கள். நம் வீடுகளில் பீரோவுக்குப் பூட்டு இருக்கிறது, மருந்துக்கு இல்லை.

மூன்றாவது ஆன்டிபயாட்டிக். அட்டையில் சிவப்புக் கோடு கண்டால் மருத்துவர் சீட்டு இல்லாமல் வாங்காதீர்கள் என்று 2016-இல் மத்திய அரசே சொன்னது. ஆனால் அந்த அட்டையை முழுதாகப் பார்ப்பவர் யார்? கடையில் கத்தரிக்கோலால் நான்கு மாத்திரையை வெட்டித் தருகிறார்கள். பெயர் ஒரு துண்டில், காலாவதித் தேதி இன்னொரு துண்டில். நம் கைக்கு வருவது பெயரில்லாத மாத்திரை.

பேரூராட்சித் தலைவர் அவர்களே, என் கோரிக்கை இதுதான். நம் ஊரில் மருந்துக் கடை நடத்துவோர், மருந்து போட்டுத் தரும் காகித உறையின் மேல் நான்கு விஷயங்களைத் தமிழில் எழுதித் தர வேண்டும்: எந்த மருந்து, யாருக்கு, எவ்வளவு, எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை. உறையைத் தமிழில் அச்சடித்து, நிரப்ப இடம் விட்டால் போதும். செலவு ஒன்றும் பெரிதில்லை. வணிகர் சங்கத்து அன்பர்கள் இங்கேயே இருக்கிறார்கள். பந்தல் போட்டவர்கள் உறை அச்சடிக்க மாட்டார்களா? மருத்துவ அலுவலர் ஐயா ஒப்புக்கொண்டால் நம் சுகாதார நிலையத்தின் மருந்து ஜன்னலிலிருந்தே தொடங்கலாம். மருந்து கம்பெனிகளும் பாட்டில் மேலேயே தமிழில் அச்சிட வேண்டும் என்று அரசுக்கு அனுப்ப ஒரு மனுவும் எழுதி வைத்திருக்கிறேன்.

மனு வாசலுக்குப் பக்கத்து மேசையில், தண்ணீர்ப் பானைக்கு அருகில் இருக்கிறது. படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். எழுதத் தெரியாத பாட்டிமார் கைநாட்டு வைக்கலாம், மை இருக்கிறது. ஒன்பதாம் வகுப்பு மாணவிகள் இருவர் அங்கே உட்கார்ந்திருப்பார்கள். கேட்பவருக்கு முழுவதும் படித்துக் காட்டுவார்கள். வணக்கம்.