லாயம் காலியான பிறகு

நேயர்களுக்கு வணக்கம்.

ஓய்வுபெற்றவர்களுக்கான பொழுதுபோக்குகள் பற்றிப் பேச முடியுமா என்று வானொலி நிலையத்திலிருந்து கேட்டு அழைத்தார்கள். குதிரையை விட்ட கதையைத்தான் சொல்வேன், பரவாயில்லையா என்றேன். அழைத்தவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, சரி, குதிரையை விட்ட பிறகு என்ன பிடித்தீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள் என்றார். அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

முப்பது வருடத்துக்கு மேல் அரசுப் பள்ளியில் கணக்கு ஆசிரியை. ஊர் பழனி. முன்பெல்லாம் பழனிக்கு வந்து இறங்கினால் கோயிலுக்கு முன்பே கண்ணில் படுவது குதிரை வண்டிதான். என் அப்பா ரயிலடிக்கும் அடிவாரத்துக்கும் இடையே ஜட்கா ஓட்டியவர். தைப்பூசமும் பங்குனி உத்திரமும்தான் எங்கள் வீட்டுத் தீபாவளி, பொங்கல். அந்த நாட்களில் அப்பாவும் குதிரையும் தூங்கமாட்டார்கள்.

ஆட்டோக்கள் பெருகின. 1987-இல் அப்பா கடைசிக் குதிரையை விற்றார். அப்போது அவருக்கு அறுபத்திரண்டு வயது. மறுநாள் விடிகாலை நான்கு மணிக்கு அடுக்களையில் சத்தம் கேட்டு அம்மா எழுந்து போனாள். அப்பா ஒரு குண்டான் நிறையக் கொள்ளு ஊற வைத்துக்கொண்டிருந்தார். கை பழக்கத்தில் செய்துவிட்டது. அன்றைக்கு எங்கள் வீட்டில் கொள்ளுப் பருப்பு, கொள்ளு ரசம், கொள்ளுச் சுண்டல். அன்று மட்டுமல்ல. வாரத்தில் இரண்டு நாளாவது இது நடந்தது. "குதிரை போய்விட்டது, கொள்ளு போகவில்லை" என்பாள் அம்மா. இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்பார்கள். எங்கள் வீட்டில் இளைத்தவர், கொழுத்தவர் எல்லாருக்கும் கொள்ளுதான்.

பகலில் வண்டி நிற்கும் இடத்துக்கு எதிரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். "உன் குதிரை பின்னங்காலைச் சாய்த்து வைக்கிறது, லாடத்தைப் பார்" என்று அடுத்தவர் குதிரைக்கு வைத்தியம் சொல்வார். சாகும்வரை அவருக்கு வேறு எதிலும் மனம் ஒட்டவில்லை. நாங்களும், மனிதர் ஓய்வாக இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டோம்.

அப்பாவுக்குக் குதிரை பிழைப்பு, எனக்கு ஆசை. 2004 ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்குப் போனேன். அந்தச் சந்தைக்கு மாட்டோடு குதிரையும் வரும். சேமிப்பைக் கொடுத்து ஐந்து வயதுப் பெண்குதிரை ஒன்றை வாங்கி வந்தேன். கத்தியவாரி இனம். அந்த இனத்துக்குக் காது உள்வளைந்து இரண்டு நுனியும் ஒன்றையொன்று தொடும். தலைக்கு மேல் யாரோ கும்பிடுவதுபோல இருக்கும். மின்னி என்று பெயர் வைத்தோம். பதினெட்டு வருடம் என்னிடம் இருந்தாள்.

விட்டதற்குக் காரணம் சொன்னால் சிரிப்பீர்கள். மின்னியின் முதுகிலிருந்து நான்கு முறை விழுந்திருக்கிறேன், ஒரு கீறல்கூட இல்லை. 2021-இல் குளியலறையில் வழுக்கி மணிக்கட்டை முறித்துக்கொண்டேன். படம் எடுத்துப் பார்த்த மருத்துவர், எலும்பு வலுவிழந்துவிட்டது, இனி விழவே கூடாது என்றார். குதிரையில் ஏறலாமா என்று கேட்டேன். "ஏறுவதைப் பற்றி எனக்கு ஒன்றுமில்லை அம்மா, விழக்கூடாது" என்றார். ஏறுகிற எவரும் என்றைக்காவது விழுவார்கள். கணக்கு ஆசிரியைக்கு இதைவிட விளக்கமாகச் சொல்ல வேண்டியதில்லை.

2022-இல், பணி ஓய்வு பெற்ற அதே மே மாதத்தில், மின்னியை உடுமலைப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருக்கும் தெரிந்த குடும்பத்திடம் கொடுத்தேன். விற்கவில்லை. இருபத்து மூன்று வயதுக் குதிரையை விலை பேசி விற்றால் அது எங்கே போய்ச் சேரும் என்று அப்பா எனக்குச் சொல்லியிருக்கிறார்.

ஜூன் மாதம் விடிந்தது. பள்ளியும் இல்லை, குதிரையும் இல்லை. நாலரை மணிக்குக் கண் விழித்துக்கொள்கிறது. காலியான லாயத்துக்குப் போய் நிற்கிறேன். அடுக்களையில் கொள்ளு டப்பா இருக்கிறது. அதைத் தொடவில்லை, பயமாக இருந்தது.

உறவினர்களும் அக்கம்பக்கத்தினரும் சும்மா இருப்பார்களா? யோகா, பஜனை, மாடித் தோட்டம், கீபோர்டு வகுப்பு என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். முதலில் நடைப்பயிற்சி போனேன். குதிரை மேலிருந்து பதினெட்டு வருடம் பார்த்த அதே பாலசமுத்திரம் சாலை. மேலிருந்து பார்க்கும்போது மதிலுக்கு அந்தப் பக்கம் கொய்யா பழுத்திருப்பது தெரியும், கிணற்றடியில் யாரோ பல் விளக்குவது தெரியும். தரையில் நடந்தால் மதில்தான் தெரிகிறது. நடைக்கு வரும் மற்றவர்கள் சர்க்கரை அளவைப் பற்றியே பேசினார்கள். பத்து நாளில் நின்றுவிட்டேன். பிறகு ஸ்கூட்டரில் அணைப் பக்கம் போய்ப் பார்த்தேன். ஸ்கூட்டருக்குச் சொந்தக் கருத்து என்று ஒன்று கிடையாது. திருப்பத்தில் பாம்பு கிடந்தால் மின்னி எனக்கு முன்னால் பார்த்து நின்றுவிடுவாள். ஸ்கூட்டர் நிற்காது.

மாடித் தோட்டமும் போட்டேன். கத்தரி காய்த்தது. தண்ணீர் ஊற்ற ஒரு மணி நேரம் தாமதமானாலும் செடி கோபித்துக்கொள்ளவில்லை. எனக்கு அது குறையாகப் பட்டது.

அப்போதுதான் ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டேன். முதலிலேயே செய்திருக்க வேண்டும். குதிரையோடு என் ஒரு நாள் எப்படிப் போயிற்று? லாயம் கூட்ட முக்கால் மணி. உடம்பு தேய்த்து, நான்கு குளம்பிலும் கல், சாணம் குத்தி எடுக்க அரை மணி. தீவனம் ஒரே வேளையாகக் கொட்டிவிட முடியாது. குதிரைக்கு உடம்பைப் பார்க்க இரைப்பை சிறியது, வாந்தியும் எடுக்க வராது. தின்னக்கூடாததைத் தின்றாலோ ஒரேயடியாகத் தின்றாலோ வயிற்று வலி உயிரைக்கூடக் குடித்துவிடும். அதனால் ஏழெட்டுக் கிலோ உலர் தீவனத்தை நாள் முழுக்கப் பிரித்துப் பிரித்துப் போட வேண்டும். அதற்கு, தண்ணீருக்கு, சேணம் துடைக்க என்று எல்லாம் சேர்த்தால் மூன்று மணி நேரம். ஏறி உட்கார்ந்திருந்தது ஒரு மணி நேரம். பதினெட்டு வருடத்தில் விடுப்பு நாட்களைக் கழித்தாலும் ஆறாயிரம் மணி நேரம் சவாரி, பதினெட்டாயிரம் மணி நேரம் ஊழியம்.

நான் சவாரிக்கு மாற்றுத் தேடிக்கொண்டிருந்தேன். என்னை விட்டுப் போனதோ ஊழியம். பொழுதுபோக்கு என்ற சொல்லிலேயே எனக்குச் சண்டை உண்டு. மின்னி என் பொழுதைப் போக்கவில்லை, அதட்டி வாங்கிக்கொண்டாள். அப்படி அதட்டுகிற ஒன்று வேண்டும் என்று புரிந்த பிறகு தேடுவது கொஞ்சம் சுலபமானது.

முதலில் கைக்கு வேலை கிடைத்தது. சேணத்தின் தோல் பிரிந்தால் நானே தைப்பேன், அப்பா கற்றுக்கொடுத்தது. மெழுகு தேய்த்த ஒரே நூல், அதன் இரண்டு நுனியிலும் ஊசி. ஒவ்வொரு துளையிலும் இரண்டு ஊசியும் எதிரெதிராக நுழைந்து வெளியேறும். ஓரிடத்தில் நூல் அறுந்தாலும் மற்றத் தையல் பிரியாது. அந்தத் தையலை வைத்துப் பழைய கணக்குப் புத்தகங்களுக்குத் தோல் அட்டை கட்ட ஆரம்பித்தேன். இப்போது தெருவில் பாதிப் பேர் கிழிந்த புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். இதைப் பற்றி இன்னும் பேசலாம், ஆனால் தையலை வானொலியில் காட்ட முடியாது.

இரண்டாவது நான் தேடாமல் வந்தது. 2022 ஜூலையில் மாமல்லபுரத்தில் சதுரங்க ஒலிம்பியாட் நடந்தது நினைவிருக்கும். அதன் சின்னம் வேட்டி சட்டை கட்டிக் கைகூப்பி நிற்கும் குதிரை. தம்பி என்று பெயர். எங்கே திரும்பினாலும் அந்தக் குதிரை. குதிரையை விட்டு இரண்டு மாதம் ஆகாத ஒருத்தியை இப்படிச் சோதிக்க வேண்டாம் என்று தோன்றியது. பள்ளிகளிலெல்லாம் சதுரங்கப் போட்டி. பழைய பள்ளியிலிருந்து, பிள்ளைகளுக்கு ஆட்டம் சொல்லித்தர ஆள் இல்லை, வருகிறீர்களா டீச்சர் என்று கேட்டார்கள். போனேன்.

ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்திக்குக் குதிரையின் நடையைச் சொல்லிக் கொடுத்தேன். இரண்டு கட்டம் நேராக, ஒரு கட்டம் பக்கவாட்டில். நடுவில் யார் நின்றாலும் தாண்டும். அவள் ஆட்டத்தை விட்டுவிட்டு, "டீச்சர், இந்தக் குதிரை எல்லாக் கட்டத்துக்கும் போகுமா? போன கட்டத்துக்கே மறுபடி போகாமல்?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்வியோடு வீட்டுக்கு வந்தவள்தான் நான். அன்றிரவு பதினொரு மணிவரை பென்சிலும் தாளுமாக உட்கார்ந்திருந்தேன். ஐம்பது கட்டம்வரை போகும், பிறகு மூலையில் மாட்டிக்கொள்ளும். விடிகாலை நாலரைக்கு எழுந்ததும் லாயத்துக்குப் போகாமல் நேரே மேசைக்குப் போனேன். போய் உட்கார்ந்த பிறகுதான் அதைக் கவனித்தேன்.

இது பழைய புதிர். பதினெட்டாம் நூற்றாண்டில் ஆய்லர் என்ற பெரிய கணித மேதை இதைப் பற்றி ஆராய்ந்து எழுதினார். புறப்பட்ட இடத்துக்கே திரும்பும் சுற்றுகளை மட்டும், எந்தத் திசையில் சுற்றுகிறது என்பதையும் சேர்த்து எண்ணினால், ஏறத்தாழ 26 லட்சத்து 53 ஆயிரம் கோடி வழிகள். அவ்வளவு வழி இருந்தும் எனக்கு ஒன்று கிடைக்க நான்கு நாள் ஆனது.

ஆய்லருக்கு வெகு காலம் முன்பே நம்மிடம் இது இருந்தது. வைணவ ஆசாரியரான வேதாந்த தேசிகர் திருவரங்கத்துப் பெருமாளின் பாதுகைகளைப் பற்றி 1008 சுலோகங்களில் பாதுகா சஹஸ்ரம் பாடினார். ஒரே இரவில் பாடினார் என்பது மரபு. அதில் ஒரு சுலோகத்தின் 32 எழுத்துகளை வரிசைக்கு எட்டாக நான்கு வரிசை எழுதிக்கொண்டு, குதிரை நடையில் தாவித் தாவிப் படித்தால் அடுத்த சுலோகம் வந்து நிற்கும். எனக்குச் சமஸ்கிருதம் தெரியாது. எழுத்துகளைக் கட்டத்தில் நிரப்பி விரலால் தாவிப் பார்த்தேன். கடைசி எழுத்தில் விரல் சரியாகப் போய் விழுந்தபோது சத்தமாகச் சிரித்துவிட்டேன். வீட்டில் வேறு யாரும் இல்லாதது நல்லதாயிற்று.

குறுக்கு வழி ஒன்று உண்டு. 1823-இல் வார்ன்ஸ்டார்ஃப் என்ற ஜெர்மானியர் சொன்னது. குதிரை அடுத்துப் போகக்கூடிய கட்டங்களில், எதிலிருந்து வெளியேற வழி மிகக் குறைவோ அதற்கு முதலில் போ. நடுக் கட்டத்திலிருந்து எட்டு வழி, மூலையிலிருந்து இரண்டே வழி. ஆகவே நெருக்கடியான இடங்களை முதலில் முடித்துவிடு, விசாலமானதைக் கடைசிக்கு வை. இதைப் படித்ததும் அப்பாவின் குரல் கேட்டது. நான்கு பேர் சவாரி ஏறினால், "சந்துக்காரரை முதலில் இறக்கு, கூட்டம் சேர்ந்தால் வண்டி திரும்பாது" என்பார். வார்ன்ஸ்டார்ஃப் ஜட்கா ஓட்டியிருப்பாரோ என்னவோ.

இப்போது செவ்வாய், வெள்ளி மாலைகளில் பன்னிரண்டு பிள்ளைகள் என் வீட்டுக்கு வருகிறார்கள். லாயத்தில்தான் உட்காருவோம். சாணி போட்டு மெழுகிய தரையில் சாக்பீஸால் பெரிய கட்டம் போட்டு, ஒரு பிள்ளையே குதிரையாகத் தாவும். ஐந்து நிமிடம் தாமதமாகக் கதவைத் திறந்தால் வாசலில் சத்தம் போடுகிறார்கள். கொள்ளுச் சுண்டல் கொடுக்கிறேன். வேண்டாம் என்கிறார்கள், தின்றும்விடுகிறார்கள்.

மாதம் ஒருமுறை உடுமலைக்குப் போய் மின்னியைப் பார்க்கிறேன். சென்ற மாதம் நான் வேலியருகே போனபோது ஒரு காதை மட்டும் என் பக்கம் திருப்பினாள். மற்றொரு காது தோப்புக்காரர் கொண்டுவரும் தீவனக் கூடையின் பக்கம் இருந்தது. கூடை வந்ததும் இரண்டு காதும் அங்கே போய்விட்டன. பஸ்ஸில் திரும்பி வரும்போது ஆறுக்கு ஆறு கட்டத்தில் ஒரு சுற்று போட்டு முடித்தேன். பழனி வந்ததே தெரியவில்லை.

நேரம் ஆகிவிட்டது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கைகாட்டுகிறார்கள். வீட்டில் தாளும் பென்சிலும் இருந்தால் ஐந்துக்கு ஐந்தாக இருபத்தைந்து கட்டம் போடுங்கள். மூலையிலிருந்து குதிரையைக் கிளப்பினால் எல்லாக் கட்டத்துக்கும் போய்விடலாம். மூலைக்கு அடுத்த கட்டத்திலிருந்து கிளப்பினால் எத்தனை முறை முயன்றாலும் ஒரு கட்டமாவது மிஞ்சும். சதுரங்கப் பலகையைப் போலக் கட்டங்கள் கறுப்பும் வெள்ளையுமாக மாறி மாறி இருந்தால் குதிரை ஒவ்வொரு தாவலிலும் நிறம் மாறும் என்பதை மட்டும் வைத்து, ஏன் மிஞ்சுகிறது என்று கண்டுபிடித்தவர்கள் நிலையத்தின் முகவரிக்கு எழுதுங்கள். அந்த ஆறாம் வகுப்புப் பெண் இப்போது பெரிய வகுப்புக்குப் போய்விட்டாள். கடிதங்களைத் திருத்தும் பொறுப்பை அவளிடம் கொடுத்திருக்கிறேன். மதிப்பெண் போடுவதில் என்னைவிடக் கறார். வணக்கம்.