ஐபிஏ தாளில் இருக்கும் எண்

வணக்கம் நேயர்களே. டாமில், அதாவது தொழிலாளர் விடுதியில், துணி துவைத்துக்கொண்டோ, ராத்திரிச் சமையலுக்கு வெங்காயம் நறுக்கிக்கொண்டோ கேட்டுக்கொண்டிருப்பீர்கள். கைவேலை நடக்கட்டும். நடுவில் ஒரு கணக்கு வரும், அப்போது மட்டும் போனை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஊரிலிருந்து சிங்கப்பூருக்குப் புதிதாக வரும் தம்பிகள் கேட்கும் கேள்வி: "இங்கே குறைந்தபட்சச் சம்பளம் எவ்வளவு?" வொர்க் பெர்மிட்டில் வருபவருக்கு அப்படி ஒரு தொகையைச் சட்டம் இங்கே வைக்கவில்லை. பக்கத்தில் மலேசியாவில் 2025இல் அது மாதம் 1,700 ரிங்கிட் ஆனது. வெளிநாட்டுத் தொழிலாளிக்கும் அதே தொகைதான். கத்தாரில் 2021 மார்ச் முதல் அடிப்படைச் சம்பளம் 1,000 ரியாலுக்குக் குறையக் கூடாது. சிங்கப்பூரில் துப்புரவு, பாதுகாவல் போன்ற துறைகளுக்குப் படிப்படியாக ஏறும் சம்பள முறை உண்டு, ஆனால் அது குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும்.

அப்படியானால் நமக்கு எதுதான் அளவு? விமானம் ஏறும் முன் கைக்கு வந்த ஐபிஏ, அதாவது வொர்க் பெர்மிட்டுக்கான முன் ஒப்புதல் கடிதம். அதில் அடிப்படைச் சம்பளம், மாதாமாதம் தரும் படிகள், பிடித்தங்கள் எல்லாம் தனித்தனியாக எழுதியிருக்கும். தமிழிலும் கிடைக்கும். மனிதவள அமைச்சிடம் கம்பெனி அறிவித்த எண் அது. அதற்குக் கீழே கொடுப்பதென்றால், முதலில் உங்களிடம் எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டும், அமைச்சுக்கும் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். "சைட்டில் வேலை இல்லை, இந்த மாசம் பாதிதான்" என்று வாயால் சொல்வது செல்லாது. வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்தத் தொகையைக் கொடுத்தே ஆகவேண்டும். இறங்கிய மறுநாள் குறைந்த சம்பளம் போட்ட வேறொரு தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்பார்கள். பலர் அங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். ஐபிஏவைப் படம் எடுத்து ஊரில் வீட்டாருக்கும் அனுப்பி வையுங்கள். போன் தொலைந்தாலும் அந்தத் தாள் தொலையாது.

இப்போது கணக்கு. ஓடி, அதாவது ஓவர்டைம், பற்றிக் கொஞ்சம் நீட்டித்தான் பேசப்போகிறேன், ஏனென்றால் காசு அதிகம் ஒழுகுவது இந்த ஓட்டையில்தான். மாதச் சம்பளக்காரருக்குச் சட்டம் சொல்லும் வழி இது: அடிப்படைச் சம்பளத்தை 12ஆல் பெருக்குங்கள், அது வருஷச் சம்பளம். 52 வாரம், வாரத்துக்கு 44 மணி நேரம், பெருக்கினால் 2,288. வருஷச் சம்பளத்தை 2,288ஆல் வகுத்தால் ஒரு மணி நேரச் சம்பளம். ஓடிக்கு அதில் ஒன்றரை மடங்கு.

போனை எடுங்கள். அடிப்படை 800 வெள்ளி, அதாவது 800 சிங்கப்பூர் டாலர், என்று வைப்போம். 800ஐ 12ஆல் பெருக்கினால் 9,600. அதை 2,288ஆல் வகுத்தால் ஏறக்குறைய 4 வெள்ளி 20 காசு. ஒன்றரை மடங்கு 6 வெள்ளி 29 காசு. மறுபடி சொல்கிறேன்: 800 வெள்ளி அடிப்படைக்கு ஓடி மணிக்கு 6 வெள்ளி 29 காசு.

சில இடங்களில் என்ன செய்கிறார்கள்? 800ஐ 30 நாளால் வகுத்து, பிறகு 8ஆல் வகுக்கிறார்கள். ஓய்வு நாளையும் வேலை நாளாகச் சேர்த்து வகுப்பதால் மணிச் சம்பளம் சுருங்குகிறது. ஓடி சரியாக 5 வெள்ளிக்கு வந்து நிற்கும். பார்க்க முழு எண்ணாக அழகாக இருக்கும், யாருக்கும் சந்தேகம் வராது. மாதத்துக்குச் சட்டம் அனுமதிக்கும் உச்சம் 72 மணி நேர ஓடி. அவ்வளவும் பார்த்தால் மாதம் 93 வெள்ளி போச்சு, வருஷத்துக்கு ஆயிரத்துக்கு மேல். 26 நாளால் வகுத்தாலும் தப்புதான். மாதம் 38 வெள்ளி அளவு குறையும். ஆகவே உங்கள் சம்பளச் சீட்டில் 2,288 என்ற எண்ணை நீங்களே போட்டுப் பாருங்கள். இரண்டு, இரண்டு, எட்டு, எட்டு.

நாள் சம்பளக்காரருக்கு வழி எளிது: ஒரு நாள் அடிப்படையை அன்றைய வழக்கமான வேலை மணியால் வகுத்து ஒன்றரை மடங்கு. 24 வெள்ளி, 8 மணி என்றால் மணிக்கு 3 வெள்ளி, ஓடிக்கு 4 வெள்ளி 50 காசு.

இன்னொன்று. ஓடியை அடிப்படையில் இருந்துதான் கணக்குப் போடுவார்கள், படிகள் அதில் சேராது. மொத்தம் ஒன்றாகவே இருந்தாலும் அடிப்படை குறைவாகவும் படி அதிகமாகவும் காட்டும் வேலைக்குப் போனால் ஓடி குறையும். ஏஜெண்டிடம் "மொத்தம் எவ்வளவு" என்று மட்டும் கேட்காதீர்கள், "அடிப்படை எவ்வளவு" என்றும் கேளுங்கள். ஓய்வு நாளில் முதலாளி கேட்டு அரை நாளுக்கு மேல் வேலை பார்த்தால் இரண்டு நாள் சம்பளம்.

மாதச் சம்பளம் மாதம் முடிந்து 7 நாளுக்குள் வரவேண்டும், ஓடிப் பணம் 14 நாளுக்குள். சம்பளச் சீட்டு பணத்தோடு, பிந்தினால் 3 வேலை நாளுக்குள். எண் எழுதாத வவுச்சரில் கையெழுத்துப் போடாதீர்கள். "முழுப் பணமும் வாங்கிக்கொண்டார்" என்று அதே தாள் பிறகு உங்களுக்கு எதிராகப் பேசும். ஏடிஎம் கார்டைக் கம்பெனியில் கொடுத்து வைக்காதீர்கள். வெளிநாட்டுத் தொழிலாளிக்காக அரசுக்குக் கட்டும் லெவி, 5,000 வெள்ளிப் பிணைத்தொகை, மருத்துவக் காப்பீடு மூன்றும் முதலாளியின் செலவு. பெர்மிட் புதுப்பிக்க உங்களிடம் பணம் கேட்பது குற்றம்.

ஒரு சின்ன நோட்டு வையுங்கள். தேதி, சைட், தொடங்கிய நேரம், முடித்த நேரம், சாப்பாட்டு இடைவேளை. தினமும், அன்றன்றைக்கே. டைம் கார்டைப் படம் எடுங்கள். மாதக் கடைசியில் மொத்தமாக நினைவிலிருந்து எழுதிய நோட்டுக்கு விசாரணையில் மதிப்பு குறைவு.

நேரமாகிவிட்டது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து சைகை வருகிறது. இல்லப் பணிப்பெண்களைப் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன்: அவர்கள் வேலை நியமனச் சட்டத்துக்குள் வரமாட்டார்கள், ஆனால் மாதம் ஒருமுறை சம்பளம் கொடுத்தே ஆகவேண்டும் என்ற விதி அவர்களுக்கும் உண்டு.

புகார் கொடுக்கக் கெடு இருக்கிறது. வேலையில் இருந்தால், பணம் வராமல் போன நாளிலிருந்து ஒரு வருஷம். வேலையை விட்டுவிட்டால் கடைசி நாளிலிருந்து 6 மாதம்தான். முதலில் டாடம் என்னும் முத்தரப்பு அமைப்பில் சமரசம். அங்கே முடியாவிட்டால் நடுவர் மன்றம், 20,000 வெள்ளி வரை, தொழிற்சங்கம் வழியாகப் போனால் 30,000 வரை. மன்றத்தில் இரு தரப்புக்கும் வக்கீல் கிடையாது, நீங்களே பேசலாம். பாக்கியைக் கொடுக்காமலே பெர்மிட்டை ரத்து செய்து டிக்கெட்டைக் கையில் திணித்து விமான நிலையத்துக்குக் கூட்டிப்போனாலும் வழி அடைபடவில்லை. குடிநுழைவு அதிகாரியிடம் பாஸ்போர்ட்டை நீட்டும்போது, சம்பளம் பாக்கி இருக்கிறது என்று அங்கேயே சொல்லுங்கள். வணக்கம்.