முதல் 3டி மாடலுக்கு முன்: கிரையோ எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படங்களைத் தயார் செய்வது

[திரை: மங்கலான சாம்பல் நிற மைக்ரோகிராஃப்]

வணக்கம். உறைய வைத்த மாதிரியை எலக்ட்ரான் கற்றையால் எடுத்த படம் இது. இங்கே மங்கலாகத் தெரியும் கறுப்புத் திட்டுகள் எல்லாம் டி20எஸ் புரோட்டியசோம். வேண்டாத புரதங்களை வெட்டிப்போடும் உருளை வடிவ மூலக்கூறு. நீளம் ஏறக்குறைய 150 ஆங்ஸ்ட்ராம் (ஒரு ஆங்ஸ்ட்ராம் என்பது நானோமீட்டரில் பத்தில் ஒரு பங்கு). இந்தப் படங்களை அப்படியே மென்பொருளிடம் கொடுத்து முதல் 3டி மாடலைக் கேட்கலாமா? கேட்டால் ஏதோ ஒன்று வரும். அதுதான் ஆபத்து.

2013-இல் இந்தத் துறையின் முன்னோடிகளில் ஒருவரான ரிச்சர்ட் ஹெண்டர்சன் இதைப் பற்றி எச்சரித்து எழுதினார். தாறுமாறான புள்ளிகள் மட்டுமே உள்ள வெறும் இரைச்சல் படங்கள் ஆயிரத்தை ஐன்ஸ்டைன் புகைப்படத்தோடு பொருத்திச் சராசரி எடுத்தால், ஐன்ஸ்டைன் முகமே வந்துவிடும்!

[திரை: பார்ட்டிக்கிளை, அதாவது ஒற்றை மூலக்கூறின் படத்தை, சுற்றிச் சதுரம்]

சரி, வேலைக்கு வருவோம். ஒரு பிக்சல் 1 ஆங்ஸ்ட்ராம் என்றால், 256 பிக்சல் பாக்ஸாக வெட்டுங்கள். ஃபோகஸை வேண்டுமென்றே சற்று விலக்கிப் படம் எடுப்பதால் (டீஃபோகஸ்) சிக்னல் மூலக்கூறுக்கு வெளியேயும் சிதறிக் கிடக்கும். அதற்காகத்தான் இவ்வளவு இடம். புரதம் வெள்ளையாகத் தெரியும்படி நிறத்தைத் திருப்பி, பின்னணியின் சராசரியை 0, திட்ட விலக்கத்தை 1 ஆக்கிவிடுங்கள்.

அப்புறம் 64 பிக்சலுக்குச் சுருக்குங்கள். பிக்சல் 4 ஆங்ஸ்ட்ராம் ஆகிவிடும். 8 ஆங்ஸ்ட்ராமை விட நுணுக்கமான விவரம் போய்விடும். போகட்டும். முதல் மாடலுக்கு ஒட்டுமொத்த வடிவம் சரியாக வந்தால் போதும். கணக்கிட வேண்டிய பிக்சல்களும் 16-இல் ஒரு பங்காகிவிடும்.

[திரை: 2டி சராசரிகள்]

ஒரே கோணத்தில் தெரியும் படங்களைக் குழுவாகச் சேர்த்து எடுத்த சராசரிகள் இவை. நிதானமாகப் பார்க்க வேண்டியது இந்தக் கட்டத்தைத்தான். மேலிருந்து பார்த்தால் ஏழு மணி கோத்த வளையம். பக்கவாட்டில் நான்கு பட்டைகள் கொண்ட செவ்வகம். பனித்துகள், கார்பன் விளிம்பு, ஒட்டிக்கொண்ட ஜோடிகள் இவற்றையெல்லாம் தயங்காமல் தூக்கிவிடுங்கள். ஆனால் எண்ணிக்கை குறைவு என்பதற்காகத் தெளிவான ஒரு கோணத்தைத் தூக்கிவிடாதீர்கள். மேல்பார்வை மட்டும் மிஞ்சினால் உருளையின் உயரம் எவ்வளவு என்று மென்பொருளுக்குத் தெரிய வழியே இல்லை. ஒரே கோணம் குவிந்து கிடந்தால் அதிலிருந்து கொஞ்சத்தை மட்டும் வைத்துக்கொண்டால் போதும்.

ஏழு மடிப்புச் சமச்சீரை, அதாவது ஏழில் ஒரு பங்கு சுற்றினாலும் அதே வடிவம் என்பதை, முதலிலேயே திணிக்காதீர்கள். சமச்சீர் இல்லாமல் ஓட்டுங்கள். அது தானாகத் தெரிந்தால் நம்பலாம். வந்த மாடலைப் பக்கவாட்டில் திருப்பி 2டி சராசரியோடு வைத்துப் பாருங்கள். நான்கு பட்டைகளைக் காணோம் என்றால், படங்களைத் தேர்ந்தெடுக்கும் கட்டத்துக்கே திரும்பிப் போங்கள்.