அந்த எண் இறங்கும்வரை

அனைவருக்கும் வணக்கம்.

பிரசவமோ கருக்கலைப்போ ஆகிப் பல வாரங்களாகியும் உதிரப்போக்கு நிற்கவில்லை என்றால், “உடம்பு பலவீனம், போகப் போகச் சரியாகிவிடும்” என்பார்கள் வீட்டில். பெரும்பாலும் சரியாகியும் விடும். ஆனால் மிகச் சில பெண்களுக்கு அது கோரியோகார்சினோமா என்ற புற்றுநோயாக இருக்கும். நஞ்சுக்கொடியை உருவாக்கும் செல்களில் தோன்றும் நோய் இது. முத்துப்பிள்ளை கர்ப்பம் (கரு சரியாக உருவாகாமல் நஞ்சுக்கொடித் திசு முத்துமுத்தாக வளர்வது) ஆனவர்களுக்கு வாய்ப்பு கூடுதல். நல்லபடியாகப் பிள்ளை பெற்றவர்களுக்கும் வரலாம். ரத்தத்தின் வழியாக நுரையீரலுக்கும் மூளைக்கும் வேகமாகப் பரவும். இருமலில் ரத்தம் வந்தால் காசநோயோ என்றுதான் முதலில் தோன்றும்.

கண்டுபிடிக்கச் சதை எடுத்துப் பார்க்க வேண்டியதில்லை, பெரும்பாலும். எடுத்தால் ரத்தம் கொட்டும் ஆபத்து உண்டு. கர்ப்பத்தை உறுதிசெய்யப் பார்க்கிறோமே, அதே எச்.சி.ஜி. ஹார்மோனின் அளவுதான் இதையும் காட்டிக்கொடுக்கிறது. பிள்ளை பெற்றவளுக்கு எதற்கு அந்த டெஸ்ட் என்று யாரும் கேட்காதீர்கள்.

1956இல் அமெரிக்காவின் தேசியப் புற்றுநோய்க் கழகத்தில் மின் சியூ லி என்ற மருத்துவர், ராய் ஹெர்ட்ஸுடன் சேர்ந்து, இந்த நோய்க்கு மெத்தோட்ரெக்சேட் என்ற மருந்தைக் கொடுத்தார். கட்டிகள் மறைந்தன. ஆனால் எச்.சி.ஜி. முழுதாக இறங்கவில்லை. கட்டிதான் போய்விட்டதே என்று அவர் நிறுத்தவில்லை. அந்த எண் இறங்கும்வரை மருந்தைத் தொடர்ந்தார். ‘வெறும் எண்ணுக்கு’ நஞ்சைக் கொடுக்கிறார் என்று வேலையிலிருந்து அனுப்பிவிட்டார்கள். அவர் வழியில் சிகிச்சை பெற்றவர்களுக்கு நோய் திரும்பவில்லை. 1972இல் அவருக்கு மருத்துவ ஆய்வுக்கான லாஸ்கர் விருது கிடைத்தது. எனக்கு அது போதுமான ஈடாகத் தோன்றவில்லை.

அந்த மருந்தின் பின்னால் நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ் இருக்கிறார். அமெரிக்காவின் லெடர்லி மருந்து ஆய்வகத்தில் அவர் நடத்திய ஆய்வில் பிறந்த மருந்துக் குடும்பம் அது. 1948லேயே காலமானார்; இந்த வெற்றியை அவர் பார்க்கவில்லை.

இன்று நோயின் நிலைக்கு மதிப்பெண் போடுகிறோம். ஆறு வரை என்றால் பொதுவாக ஒரே மருந்து, ஏழும் அதற்கு மேலும் என்றால் கூட்டு மருந்துகள். குறைந்த மதிப்பெண்காரர்கள் ஏறக்குறைய எல்லோருமே குணமாகிறார்கள், பெரும்பாலும் கர்ப்பப்பையை எடுக்காமலே. எண் சாதாரண நிலைக்கு வந்த பிறகும் சில வாரங்கள் மருந்து தொடரும். நன்றாக இருக்கிறேனே என்று இந்த இடத்தில்தான் சிலர் நின்றுவிடுகிறார்கள். தயவுசெய்து நிற்காதீர்கள்.

அப்புறம், சிகிச்சை முடிந்து ஒரு வருடத்துக்குக் கர்ப்பம் வேண்டாம். கர்ப்பமானால் அதே ஹார்மோன் ஏறும், நோய் திரும்பியதா என்று பிரித்தறிய முடியாது. அதற்குப் பிறகு தாராளமாகப் பிள்ளை பெறலாம்.