றக்பி ஒரு உத்தியோகமா?

[திரையில்: ஏ-9 வீதியோரத்து வெட்டை. பொடியன்கள் முட்டை வடிவப் பந்தோடு ஓடுகிறார்கள்.]

குரல்: கிளிநொச்சியில் ஒரு பொடியன் வீட்டுக்கு வந்து, "அம்மா, நான் றக்பி விளையாடித்தான் உழைக்கப் போறன்" என்றால் அம்மா என்ன கேட்பார்? "பென்ஷன் இருக்கோ?" என்றுதான். சிரிக்க வேண்டாம், அது சரியான கேள்வி.

1995 ஓகஸ்ட் வரை, பதினைந்து பேர் ஆடும் றக்பி யூனியனில் விளையாடுவதற்குச் சம்பளம் வாங்குவதே விதிக்கு எதிரானது. நாட்டுக்காக ஆடியவர்களும் பகலில் வேறு வேலைக்குப் போனார்கள். அந்த மாதம்தான் சர்வதேச சபை தடையை எடுத்தது.

[திரையில்: ஓர் ஒப்பந்தத் தாள்.]

இன்று பிரான்ஸ், இங்கிலாந்து, ஜப்பான் கழகங்கள் வீரர்களோடு ஒப்பந்தம் எழுதுகின்றன. பெரும்பாலும் இரண்டு, மூன்று வருஷத்துக்கு. போட்டி 80 நிமிஷம். மற்ற நாட்களில் பாரம் தூக்குவது, எதிரணியின் வீடியோ பார்ப்பது, வீங்கிய முழங்காலுக்கு ஐஸ் வைப்பது. முப்பத்தைந்தைத் தாண்டி ஆடுகிறவர்கள் குறைவு. எங்கட பக்கம் பட்டதாரி நியமனத்துக்குக் காத்திருந்தே சிலருக்கு அந்த வயது வந்துவிடும்!

கழகமே படுத்துவிடவும் கூடும். 2022இல் இங்கிலாந்தின் வூஸ்டர், வாஸ்ப்ஸ் இரண்டும் கடனில் விழுந்தன. சீசன் நடுவில் வீரர்களுக்கு வேலை இல்லை. வாஸ்ப்ஸ் 1867இல் தொடங்கிய கழகம்.

[திரையில்: ஸ்க்ரம், மேலிருந்து.]

சரி, உடம்புக்கு வருவோம். எட்டுப் பேர் தோளோடு தோள் கொளுவி எதிரணியின் எட்டுப் பேரைத் தள்ளுவதுதான் ஸ்க்ரம். முன்வரிசை நடுவில் நிற்பவர் ஹூக்கர். இரண்டு பக்கத்துப் பாரமும் அவர் கழுத்தில் இறங்கும். ஸ்டீவ் தொம்சன், 2003இல் உலகக் கிண்ணம் வென்ற இங்கிலாந்து அணியின் ஹூக்கர். 2020இல், 42 வயதில், தனக்கு மறதி நோய் வந்திருக்கிறது என்றும் அந்தக் கிண்ணத்தை வென்றதே ஞாபகம் இல்லை என்றும் வெளியே சொன்னார். தலையில் விழுந்த அடிகள்தான் காரணம் என்று அவரும் வேறு பல வீரர்களும் வழக்குப் போட்டார்கள். இப்போது தலையில் அடிபட்டதாகச் சந்தேகம் வந்தால் வீரரை வெளியே எடுத்துச் சோதிக்கிறார்கள். ஆனால் பயிற்சியில் வருஷக்கணக்காகச் சேரும் சிறு அடிகளை யார் எண்ணுவது?

இலங்கையில்? கண்டி, கொழும்புக் கழகங்கள்தான் பெயர் பெற்றவை. இராணுவம், கடற்படை, விமானப்படை, பொலிஸ் அணிகளும் ஆடுகின்றன. அம்மா கேட்ட பென்ஷன் அந்தப் பக்கம்தான் இருக்கிறது. வன்னி வீடுகளில் அதற்கு என்ன பேச்சு எழும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

[திரையில்: பாடசாலை மெய்வல்லுநர் போட்டி, 100 மீற்றர்.]

இன்னொரு வாசல், செவன்ஸ். பக்கத்துக்கு ஏழு பேர், பாதிக்கு ஏழு நிமிஷம். பருமனைவிட ஓட்டம் முக்கியம். 2016 றியோ ஒலிம்பிக்கில் பிஜி, பிரித்தானியாவை 43–7 என்று வென்றது. பத்து லட்சம் சனம்கூட இல்லாத அந்த நாட்டுக்கு அதுதான் முதல் ஒலிம்பிக் பதக்கம். இங்கே வெறுங்காலோடு மணலில் ஓடிப் பழகிய பிள்ளைகளுக்கு ஓட்டம் புதிதல்ல. பந்தும் பயிற்றுநரும்தான் இல்லை.

அப்படி யாருக்காவது ஒப்பந்தம் கைக்கு வந்தால், சம்பளத் தொகைக்கு முன்னால் காயம் பற்றிய பகுதியை வாசியுங்கள்: முழங்கால் போனால் எத்தனை மாதம் சம்பளம் வரும், சத்திரசிகிச்சைக்கு யார் காசு கட்டுவது என்று.